"குரூப் டூ-வா சார்?"

போன வாரம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போயிருந்தேன். ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்துக்கொண்டு உட்கார இடம் தேடினால், ஆள் இல்லாத நாற்காலியில் எல்லாம் ஒரு பை உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் ஒரு தம்பி தன் பையை நகர்த்தி இடம் விட்டார். என் கையில் இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "குரூப் டூ-வா சார்?" என்றார். சும்மா படிக்க வந்தேன் என்றேன். என்னை எந்த ரேக்கில் அடுக்குவது என்று அவருக்குப் புரியவில்லை.

அந்த மேசையில் பதினோரு பேர். நூலகத்துப் புத்தகம் வைத்திருந்தது நான் மட்டும். அரசு வேலைத் தேர்வுக்குத் தயாராகும் மற்றவர்கள் கொண்டுவந்தது சொந்த கைடு, சொந்த நோட்டு, சொந்த தண்ணீர் பாட்டில். நூலகம் கொடுத்தது நாற்காலியும் மின்விசிறியும்.

தம்பிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பத்துக்குப் பத்து வீட்டில் டிவி ஓடும்போது வேறு எங்கே போய்ப் படிப்பார்கள்? என் சண்டை சொல்லோடுதான். நூல் இருக்கும் அகம் நூலகம். நூலை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் அகம்.

நூல் என்ற சொல்லுக்கு நன்னூல் ஓர் அழகான விளக்கம் வைத்திருக்கிறது: சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கிற பெண், அவன் வாய்தான் கை, அறிவு கதிர். (ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் நூலகம் என்றால் நூல் குடோன்தானே என்று நண்பர் ஒருவர் கேலி செய்வார். பவணந்தி முனிவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.) புத்தகசாலை, நூல் நிலையம் எல்லாம் இதே வகைச் சொற்கள்தான். சென்னையில் உ.வே.சா. பெயரில் இருப்பது இன்றும் நூல்நிலையம்தான். பேச்சில் மட்டும் யாரும் நூலகத்துக்குப் போவதில்லை, லைப்ரரிக்குத்தான் போகிறோம்.

ஆனால் தமிழில் இன்னொரு வகைச் சொல்லும் உண்டு. அவை புத்தகத்தை விட்டுவிட்டுப் படிக்கிற ஆளைப் பார்க்கும். வாசகசாலை, படிப்பகம். திராவிட இயக்கக்காரர்கள் ஊர் ஊராகத் திறந்த படிப்பகங்களில் இருந்தது ஒரு பெஞ்சும் நாலு பத்திரிகையும். அதற்குப் படிப்பகம் என்றுதான் பெயர் வைத்தார்கள், நூலகம் என்று ஜம்பம் அடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஊர்தோறும் வாசிகசாலை இருந்தது, பேப்பர் பார்க்கப் போகும் இடம். 1981இல் எரிக்கப்பட்டது பொது நூலகம். போனவை ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகளும் சேர்த்து. நாற்காலியும் மேசையும்கூடத்தான் எரிந்திருக்கும். அதற்காக யாரும் இத்தனை வருடம் அழவில்லை.

வடக்கே இந்தச் சொல் ஏற்கெனவே கைமாறிவிட்டது. தேர்வுப் பயிற்சி மையங்கள் நிறைந்த டெல்லி முகர்ஜி நகரில் 'லைப்ரரி' என்று போர்டு பார்த்தால் உள்ளே புத்தகத்தைத் தேடாதீர்கள். தடுப்பு வைத்த மேசை, ஏசி, வைஃபை, மாத வாடகை. சீட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார்கள். நம் ஊரிலும் ஸ்டடி ஹால், ரீடிங் ஹால் என்று வந்தாயிற்று. அவர்களாவது நேர்மையாக வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பயம் பட்ஜெட்டில்தான். சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் முயன்று கொண்டுவந்த 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் தயவு அது. நூலகங்களுக்காக அவர் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகம் பயன்படுத்துவதற்காக என்பது. வருகிற ஆட்கள் கேட்பது நாற்காலிதான் என்று ஆகிவிட்டால், புத்தகம் வாங்கும் காசு எந்தப் பக்கம் சாயும்? எங்கள் கிளையில் நாவல் அலமாரி இரண்டும் ஏற்கெனவே கழிவறைப் பக்கச் சுவருக்குப் போய்விட்டன. மேசை போட இடம் வேண்டுமாம்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. யாரும் யாரையும் இடிப்பதில்லை. அவ்வளவு பெரிய கட்டடம், செய்ய முடிகிறது என்பீர்கள். சரி. எங்கள் கிளையிலும் பின்னால் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. உடைந்த நாற்காலியும் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பரும். அதைத் துடைத்து, நாலு மேசை போட்டு, வாசலில் 'படிப்பகம்' என்று எழுதிவிடலாம். தம்பிகளும் நிம்மதியாகப் படிப்பார்கள், நாவல்களும் பழைய இடத்துக்கு வரும்.

பெயிண்ட் செலவு என்னுடையது என்று நூலகரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எழுதுகிறவர் 'ப்'பை விட்டுவிடாமல் இருந்தால் போதும்.