உப்புக்காற்று ஊரில் ஃபயர்வால் வாங்குகிறவர்களுக்கு

கீழக்கரையில் எங்கள் தெருவில் கேமரா இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆண்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். வாசலில் யார் வந்தது, உம்மா முற்றத்தில் நடமாடுகிறார்களா என்று போனில் பார்த்துக்கொள்கிறார்கள். அது நல்லதுதான். என் கவலை வேறு. அந்தக் கேமராப் பெட்டிகளில் பலவற்றை ஊருக்கே திறந்து வைத்திருக்கிறோம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. கேமரா படங்களைப் பதியும் டிவிஆர் பெட்டியை மாட்ட வந்தவர், வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது இணைய வாசலை, திறந்துவிட்டு, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமலே போய்விட்டார். இரண்டு வருடம் அதை யாரும் கவனிக்கவில்லை. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் இப்படி பாஸ்வேர்ட் மாற்றாத டிவிஆர்களையும் கேமராக்களையும் தேடித்தேடித்தான் பிடித்தது. அந்த அக்டோபரில் அவற்றையெல்லாம் ஏவி இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் தடுமாறின. அதைப் படித்த பிறகு எனக்கு நிம்மதி இல்லை. வீட்டுக்கென்று தனி ஃபயர்வால், அதாவது இணையத்துக்கும் வீட்டு நெட்வொர்க்குக்கும் நடுவில் நின்று வேண்டாததைத் தடுக்கும் பெட்டி, வைப்பது என்று முடிவு செய்தேன்.

மாடியில் சும்மா கிடந்த டெஸ்க்டாப்பில் இன்னொரு நெட்வொர்க் கார்டு போட்டு, இலவச ஃபயர்வால் மென்பொருளான ஓபிஎன்சென்ஸை ஏற்றினேன். செலவே இல்லை என்று நினைத்தது தவறு. 70 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 1.68 யூனிட். இரண்டு மாதத்தில் நூறைத் தாண்டிவிடும். மின்வாரியம் வீட்டுக்குத் தரும் இலவச 100 யூனிட்டை அந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் கால் மணி நேரம் கூடத் தாங்காது.

அதைவிடப் பெரிய எதிரி உப்பு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கை பிசுபிசுக்கும். அந்தக் காற்றைத்தான் ஃபேன் நாள் முழுவதும் பெட்டிக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றரை வருடத்தில் ஃபேன் இறுகி நின்றுவிட்டது. கார்டைக் கழற்றிப் பார்த்தால் முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலத்தையே இந்தக் காற்றும் துருவும்தான் தளர்த்தின. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். நம் வீட்டுப் பெட்டி எம்மாத்திரம்?

அதனால் நம் கரைப் பக்கம் ஃபயர்வால் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன் இல்லாத பெட்டியா என்பதைத்தான். பிராசஸர் எல்லாம் அப்புறம். நான் வாங்கியது அலுவலகங்களில் ஓடிக் கழித்த எச்பி டி620 பிளஸ் தின் கிளையன்ட் என்ற சின்னக் கணினி. நான்கு கோர், ஃபேன் கிடையாது, கார்டு செருக ஒரு ஸ்லாட் உண்டு. டி620 என்று மட்டும் போட்டு விற்பதில் அந்த ஸ்லாட் இருக்காது, பார்த்து வாங்குங்கள். ஓபிஎன்சென்ஸ் குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கும். 4 ஜிபி இருந்தால் வீட்டுக்குத் தாராளம். சராசரியாக 15 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓபிஎன்சென்ஸும் அதைப் போன்ற பிஎஃப்சென்ஸும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுகின்றன. ரியல்டெக் சிப் உள்ள கார்டு அதோடு சில சமயம் மக்கர் செய்யும், இன்டெல் சிப் நிம்மதி. ஆனால் இன்டெல்லின் ஐ350 கார்டு என்று சொல்லிப் போலிகள் நிறைய விற்கிறார்கள். புதிது என்று அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் நான் தொடமாட்டேன். சர்வரில் இருந்து கழற்றிய பழைய கார்டே மேல்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால் இன்டெல் என்100 பிராசஸர் போட்ட, நான்கு 2.5 ஜிபிபிஎஸ் கேபிள் போர்ட் உள்ள ஃபேன் இல்லாத பெட்டிகள் அருமையானவை. ஆனால் நம் தெருக்களில் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் லைன்தான். அதற்கு இவ்வளவு வேகம் எதற்கு? கையில் காசே இல்லையா, ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏறுகிற பழைய ரவுட்டர் போதும். 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேமுக்குக் குறையாமல் பாருங்கள்.

ஃபேன் இல்லாத பெட்டிக்கு உடம்புதான் சூட்டை வெளியேற்றும். அலமாரிக்குள் பூட்டாதீர்கள், கடல் பார்த்த ஜன்னலோரமும் வேண்டாம். எங்கள் வீட்டில் நடு அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டாயிற்று.

இப்போது டிவிஆருக்கு வெளியிலிருந்து வழி கிடையாது. கோலாலம்பூரில் இருக்கும் காக்கா (அண்ணன்) வயர்கார்ட் என்ற பாதுகாப்பான விபிஎன் இணைப்பு வழியாக வீட்டுக்குள் வந்து பார்க்கிறார். ஒரு சிக்கல் வரலாம்: பல ஃபைபர் இணைப்புகளில் வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய பொது ஐபி முகவரி தருவதில்லை, அப்போது வயர்கார்ட் வெளியிலிருந்து எட்டாது. லைன் கொடுப்பவரிடம் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) கேளுங்கள், அல்லது புது முகவரி முறையான ஐபிவி6 வருகிறதா என்று பாருங்கள். பெட்டி வாங்க மாதக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. டிவிஆர் பாஸ்வேர்டை மட்டும் இன்று இரவே மாற்றிவிடுங்கள்.