வடை பிரமாதம், நன்றி

சனிக்கிழமை நம் மாதக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். இல்லாதவர்களுக்கு இந்நேரம் வாட்சப்பில் வீடியோவே வந்திருக்கும், சிரிப்புச் சத்தத்தோடு சேர்த்து. இன்று காலை ஒருவர் அதை எனக்கே அனுப்பி, "அக்கா, செம காமெடி" என்று போட்டிருந்தார். அதில் கேலிக்கு ஆளாவது நான்தான் என்று அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. சரி, எழுதியே விடுகிறேன்.

"எனக்குப் பிடித்த நடிகர்" என்று தலைப்புக் கொடுத்தீர்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். எனக்கு முன்னால் பேசியவர்கள் சிவாஜி, சாவித்திரி, அல் பச்சீனோ என்று பேசினார்கள். நான் அமெரிக்க டிவி நடிகை சூசன் லூச்சி என்றேன். பெயரைச் சொல்லி முடிக்கவில்லை, "சீரியல் நடிகையா? ஏங்க, நல்ல நடிகை யாருமே கிடைக்கலையா?" என்று மைக்கிலேயே கேட்டார் நம் தொகுப்பாளர். கூட்டம் சிரித்தது. ஏழாவது நிமிடத்தில், "19 தடவை தோத்தவங்களப் பத்தி இவ்வளவு நேரமா" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். போகிற போக்கில் ஒரு பாராட்டும் உண்டு: "பேச்சு எப்படியோ, மேடம் கொண்டுவந்த வடை பிரமாதம், நன்றி."

முதலில் கணக்கைத் தீர்த்துவிடுவோம். பகல்நேரத் தொலைக்காட்சிக்கான டேடைம் எம்மி விருதை ஜெயிப்பதற்கு முன்னால் அவர் தோற்றது 19 தடவை இல்லை ஐயா, 18. பத்தொன்பதாவது தடவை அவர் ஜெயித்தார். கேலி செய்வதென்றாலும் எண்ணிக்கை சரியாக இருக்கட்டும்.

என்னிடமிருந்து பிடுங்கிய மூன்று நிமிடத்தில் நான் சொல்ல நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அந்த அம்மா 41 வருடம் வேலைக்குப் போனார். அவ்வளவுதான். 1970 ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சியில் 'ஆல் மை சில்ட்ரன்' ஆரம்பித்தபோது அவருக்கு 23 வயது. பள்ளிக்கூடப் பெண் எரிகா கேனாக உள்ளே வந்தவர், 2011 செப்டம்பரில் ஏபிசி அந்தத் தொடரை முடித்தபோது 64 வயதில் அதே எரிகாவாக வெளியே வந்தார். ஒரே பெண்ணின் 15 வயதையும் நடித்து, அவள் பாட்டியானதையும் நடித்தவர். சினிமாவில் ஒரே படத்தில் மூன்று மேக்கப் போட்டுக்கொண்டு வயதானால் கைதட்டுகிறோம். இவர் மேக்கப் இல்லாமலே வயதானார், எல்லார் கண் முன்னாலும், தினமும் மதியம் ஒரு மணிக்கு.

தினமும் என்றால் தினமும். அமெரிக்காவின் பகல்நேரத் தொடருக்கு சீசன் கிடையாது, கோடை விடுமுறை கிடையாது. வாரத்துக்கு ஐந்து, வருடத்துக்கு ஏறக்குறைய 250. அந்தத் தொடர் பத்தாயிரம் எபிசோடைத் தாண்டியது. 1977-இல் அரை மணி நேரம் ஒரு மணி நேரமானது. இன்று எடுக்கும் காட்சிக்கு இன்றே வசனம் பாடமாக வேண்டும். நாளைக்கு வேறு பக்கங்கள். "அழுறதுதானே, அதுல என்ன கஷ்டம்" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. சரி அண்ணா. திங்கள் ஒரு தடவை அழுங்கள். செவ்வாய் வேறு காரணத்துக்கு அழுங்கள். புதன் அழாமல் அடக்கிக்கொண்டு நில்லுங்கள், பார்ப்பவர்கள் அழுவார்கள். இதை 41 வருடம் செய்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள்.

நான் எப்படி இதைப் பார்க்க ஆரம்பித்தேன் என்று சொல்லாவிட்டால் இவ்வளவு கோபம் எதற்கு என்று உங்களுக்குப் புரியாது. 1997-இல் எச்-4 விசாவில், அதாவது இங்கே வேலைக்கு வந்தவரின் மனைவி என்ற விசாவில், நியூஜெர்சிக்கு வந்தேன். அப்போது எச்-4-காரிகள் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. (2015-இல்தான் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள், அதுவும் சிலருக்கு மட்டும்.) மெட்ராஸில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். இங்கே காலை எட்டு மணிக்கு வீட்டுக்காரர் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் வருவார். கார் ஓட்டத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங் லாட், பனி, அணில். ஊரிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி, "என்ன பண்ற? வீட்டுல சும்மாதானே இருக்க?"

கீழ்வீட்டில் ஒரு பாட்டி. இத்தாலிய வம்சாவளி. ஒருநாள் தப்பி வந்த கடிதத்தைக் கொடுக்கப் போனேன். உட்கார் என்று கையைக் காட்டினார், டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் ஐந்தடிதான் இருப்பார் போன்ற ஒரு பெண், ஆறடி ஆள் ஒருவனை வாய்வார்த்தையாலேயே சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தார். அதுதான் எரிகா கேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாட்டி துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையில், அதாவது என் வீட்டுத் தரையில், மூன்று தட்டு தட்டுவார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். என் இங்கிலீஷ் எல்லாம் அங்கே கற்றதுதான். அலுவலக இங்கிலீஷ் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஒருவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதற்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்கிற இங்கிலீஷை எரிகா கேன்தான் சொல்லிக்கொடுத்தார்.

பாட்டி அந்தத் தொடரை முதல் நாளிலிருந்து பார்த்தவர். 1973-இல் எரிகா கருக்கலைப்பு செய்துகொண்ட கதையை அவர்தான் சொன்னார். கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த ஜனவரியில்தான் வந்திருக்கிறது. சில மாதங்களில் ஒரு பகல் தொடரின் நாயகி, உடம்புக்கு ஆபத்து, குழந்தைக்குக் குறை என்று ஒரு சாக்கும் இல்லாமல், எனக்கு மாடலாக வேண்டும், இப்போது குழந்தை வேண்டாம் என்று முடிவெடுக்கிறாள். எழுதியவர் ஆக்னஸ் நிக்சன் என்ற பெண். ராத்திரி எட்டு மணி நாடகங்களில் பெரும்பாலானவை தொடத் தயங்கியதை மதியம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். 2000-இல் எரிகாவின் மகள் பியான்கா தான் பெண்களை விரும்புபவள் என்று அம்மாவிடம் சொல்வாள். உலகத்தையே வாயடைக்கும் எரிகா அங்கே வார்த்தை கிடைக்காமல் தவிப்பார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு "நல்ல நடிகை கிடைக்கலையா" என்று கேட்க முடிந்தால் கேளுங்கள்.

"கதை அபத்தமாக இருக்குமே" என்பார்கள். ஆமாம், இருக்கும். எரிகாவுக்குப் பத்துக் கல்யாணம், அதில் சிலது சட்டப்படி செல்லாது. காட்டில் கரடி எதிரே வந்தபோது அதையும் திட்டியே விரட்டினார். இன்னும் மோசம், மேலே சொன்ன கருக்கலைப்பு நடக்கவே இல்லை, டாக்டர் அந்தக் கருவை ரகசியமாக வேறொரு பெண்ணுக்கு வைத்துவிட்டார் என்று 30 வருடம் கழித்து ஒரு மகனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்கு டிவியை உடைக்கலாம் போல இருந்தது. அது எழுதியவர்கள் செய்த பாவம். அந்தக் குப்பையையும் நம்பும்படி பேச வேண்டியது யார்? நல்ல வசனத்தை எவரும் பேசலாம்.

"மெரில் ஸ்ட்ரீப்போடு ஒப்பிடுவாயா?" மாட்டேன். நான் ஒப்பிடவே இல்லையே. அடுத்தது.

இன்னொருவர் எனக்கு ஆறுதல் சொல்லுகிறேன் என்று வந்தார். "கவலைப்படாதீங்க, ஜூலியான் மூர்கூட இந்த மாதிரி சோப் ஆப்பெரா சீரியலில்தான் ஆரம்பிச்சாங்க, அப்புறம் ஆஸ்கர் வாங்கலையா? மோர்கன் ஃப்ரீமன்கூட நடிச்சிருக்கார்." நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கேலியைவிட எனக்கு இதுதான் அதிகம் குத்தியது. ஏன் என்று வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் புரிந்தது. விட்டுவிட்டுப் போனவர்கள் பெரியவர்கள். அங்கேயே இருந்து அந்த வேலையைச் செய்தவர் சின்னவர், அப்படித்தானே? அந்த இடத்தின் மதிப்பே அதைவிட்டு எத்தனை பேர் தப்பித்தார்கள் என்பதில்தான் இருக்கிறதா? லூச்சியும் வெளியே போய்ப் பார்க்காதவர் இல்லை. டிவி படங்கள், 'டாலஸ்' தொடர், 1999-இல் பிராட்வேயில் ஓர் இசை நாடகம், பிறகு 'டீவியஸ் மெய்ட்ஸ்'. எல்லாம் செய்தார். ஆனால் மதியம் ஒரு மணித் தொடருக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தார்.

இப்போது அந்த 18. 1978-இல் முதன்முதலாக டேடைம் எம்மிக்குப் பரிந்துரை. கிடைக்கவில்லை. பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, மன்னிக்கவும், நல்ல கவுன் போட்டுக்கொண்டு, போய் உட்கார்ந்து, வேறு பெயரை வாசிக்கும்போது கேமரா தன் முகத்தைப் பார்க்கிறது என்று தெரிந்தே சிரித்துக் கைதட்டிவிட்டு வருவார். 'ஒன் லைஃப் டு லிவ்' தொடரின் எரிகா ஸ்லெசாக் மொத்தம் ஆறு தடவை வாங்கினார். பெயரில் எரிகா இருந்தால் கிடைக்கிறது, கதாபாத்திரத்தில் இருந்தால் கிடைப்பதில்லை என்று நானும் பாட்டியும் சிரிப்போம். (ஸ்லெசாக்கும் அருமையான நடிகைதான், சண்டைக்கு வராதீர்கள்.) 1995-இல் எரிகாவின் மகள் கெண்டலாக நடித்த சாரா மிஷெல் கெல்லருக்கு, 18 வயதில், இளம் நடிகைக்கான எம்மி. அம்மா அந்த வருடமும் வெறுங்கை. நாடே ஜோக் அடித்தது. அவரும் சேர்ந்துகொண்டார், 1990-இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சியின் மேடைக்கே போய்த் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டார். அடுத்தவர் மைக்கைப் பிடுங்கிக் கிண்டல் செய்வது வேறு, நாமே செய்துகொள்வது வேறு. சனிக்கிழமை சிரித்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் நல்லது.

"பெண்ணியம் பேச ஆரம்பிச்சிட்டாங்க" என்று கீழே எழுதப்போகிறவருக்கு: எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மதியம் ஒரு மணிக்கு யார் வீட்டில் இருப்பார்கள்? பெண்கள், வயதானவர்கள், நோயாளிகள், ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்கப் போகிறவர்கள். 'சோப்' என்ற பெயரே எங்கிருந்து வந்தது? வானொலிக் காலத்தில் சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டன, வீட்டில் துணி துவைக்கிறவளிடம் சோப்பு விற்க. அவள் வாங்குகிற சோப்பு வேண்டும், அவள் பார்க்கிற நாடகம் மட்டும் குப்பை. அந்த நேரத்தில் அவள் செய்கிற வேலைக்கும் கணக்கு கிடையாது. நான் வேலைக்குப் போக முடியாமல் இருந்த ஆறு வருடத்தில் இரண்டு குழந்தைகளை வளர்த்தேன், மாமனாரின் பைபாஸுக்குப் பிறகு நான்கு மாதம் பார்த்துக்கொண்டேன், வருமான வரிப் படிவம் முழுக்க நான்தான் நிரப்பினேன். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் யாரிடமாவது அறிமுகப்படுத்தும்போது, "அப்போ இவ சும்மா இருந்தா, இப்பத்தான் வேலைக்குப் போறா" என்பார். நல்ல மனிதர். தெரியாமல்தான் சொல்கிறார். எல்லாரும் தெரியாமல்தான் சொல்கிறார்கள்.

எங்கேயோ போய்விட்டேன். 1999 மே 21, வெள்ளிக்கிழமை ராத்திரி. நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் எம்மி விழா. மூத்தவளுக்கு அன்று காய்ச்சல், அதனால் நான் கீழே போகவில்லை. என் வீட்டிலேயே சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். நடிகர் ஷெமார் மூர் உறையைப் பிரித்தார். லூச்சி பெயரைச் சொல்வதற்கு முன்னால், அந்தத் தோல்வி வரிசை முடிந்தது என்று கத்தினார். அரங்கமே எழுந்து நின்றது. பல நிமிடம் உட்காரவே இல்லை; சக நடிகர்கள் அழுகிறார்கள், போட்டியில் இருந்தவர்களும் நின்று கைதட்டுகிறார்கள். என் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. துடைப்பக் கட்டை. மூன்று தட்டு இல்லை, பாட்டி நிறுத்தவே இல்லை. குழந்தை எழுந்துவிட்டது.

லூச்சி பேசியதில் ஒன்று எனக்கு மறக்கவில்லை. கிடைத்த புகழைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கலாம். கடைசியில், திங்கட்கிழமை ஸ்டூடியோவுக்குப் போய் எரிகா கேனை முழு மூச்சாக நடிப்பேன் என்றார். திங்கட்கிழமை! விருது வாங்கியவர் வேலைக்குப் போவதைப் பற்றிப் பேசுகிறார்.

2011-இல் அந்தத் தொடரை நிறுத்திவிட்டு அதே நேரத்தில் ஏபிசி என்ன போட்டது தெரியுமா? சமையல் நிகழ்ச்சி. 'தி ச்யூ'. சனிக்கிழமை வடைக்கு நன்றி சொன்னபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

தொகுப்பாளர் நேற்று போன் செய்தார். "விளையாட்டுக்குச் சொன்னதைப் போய் மனசுல வெச்சுக்கலாமா, நீங்க எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்றார். சரிங்க என்று வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அடுத்த மாதக் கூட்டத்தின் பட்டியல் குரூப்பில் வந்தது. பேச்சாளர்கள் நான்கு பேர், நான் இல்லை. அதற்குக் கீழே, "வடை 80 பேருக்கு" என்று போட்டு எதிரே என் பெயர்.

வடைக்கு வேறு ஆள் பாருங்கள். பாக்கி மூன்று நிமிடத்தைக் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன். வெறுங்கையை வீசிக்கொண்டு.