கல்லறைக் கணக்கில் நாங்கள் எங்கே?

நாடு என்றால் வெறும் கொள்கை இல்லை, ஒரு மக்களும் அவர்களுடைய மண்ணும்தான் என்று 2024இல் அமெரிக்க உப ஜனாதிபதி வேட்பாளராக நின்ற ஜே.டி. வான்ஸ் பேசினார். கென்டக்கி மலையில் தன் முன்னோர் புதைந்திருக்கும் மயானத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நம்மாட்களும் அதை ஆகா ஓகோ என்று பகிர்கிறார்கள். இலங்கை மலையகத்துக்காரனான, தோட்டத்துக்கு வந்த இந்தியத் தமிழர் வழிவந்த என் காதில் அது வேறு மாதிரி விழுகிறது.

கல்லறைதான் கணக்கென்றால் எங்களை விட்டால் ஆள் யார்? 1820களில் கோப்பித் தோட்டத்துக்கென்று வரத் தொடங்கியவர்கள் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். பாதிவழியில் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. பிழைத்து வந்தவர்கள் தேயிலைக்கு உரமானார்கள்.

இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? நீ இங்கே பிறந்தால் போதாது. உன் அப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பின் ஒரு காம்பராவில் பிறந்த பூட்டனுக்குப் பதிவு எடுத்து வைத்தது யார்? 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பிய சனம், 1952 தேர்தலில் வாக்கில்லாமல் வேடிக்கை பார்த்தது.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களில் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலைநாட்டில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். போகிறவர்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழ, நிற்கிறவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். இங்கே 'கள்ளத்தோணி' என்று ஏச்சு வாங்கியவர்கள், தமிழ்நாட்டுக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் போய் 'சிலோன்காரன்' ஆனார்கள். இரத்த உறவு இருந்த ஊரிலும் அந்நியர்தான்.

சரி, கொள்கை காப்பாற்றியதா? அதுவும் இல்லை. ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கிற சட்டம் செய்யக்கூடாது என்று அன்றைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. அதை நம்பி அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனோம்; 1953இல் வழக்குத் தோற்றது. ஆகவே கொள்கைக்காரர்களும் அதிகம் மார்தட்ட வேண்டாம்.

இருந்தாலும் நான் கொள்கைப் பக்கம்தான். சட்டத்தில் ஒரு வரி இருந்தால் அதைப் பிடித்துச் சண்டை போடலாம். தோற்றால் பிள்ளைகள் மறுபடி போடுவார்கள். என் பூட்டன் இந்த மண்ணின் ஆளா என்பதை அன்றைக்குக் கதிரையில் இருக்கிறவன் தீர்மானிப்பான் என்றால், அங்கே எதைக் காட்டி வாதாட?

நாடற்று மிஞ்சியிருந்தவர்களுக்கும் 2003 சட்டம் பிரஜாவுரிமை கொடுத்தது. காணி? 200 வருஷம் கழிந்தும் லயம் நிற்கிற நிலத்துக்குப் பெரும்பாலானோர் கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லை. ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ் காணி தருவோம் என்கிற வாக்குறுதியைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டாயிற்று. மண்ணும் மக்களும்தான் நாடு என்கிற உள்ளூர் அண்ணன்மாரை முதலில் அந்தக் காணி உறுதியில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். முன்னோர் கதையைப் பிறகு பேசலாம்.