இன்று முதல் மாமா புது மனிதர்

கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு (வேர்க்கடலை போட்ட தட்டை மாதிரி) போடுகிற மாமா ஒருவர், அவருடைய சரக்கை லைன் வண்டியில் ஏற்றி ஓசூர் வரைக்கும் கடை கடையாகப் போடுகிற மாப்பிள்ளை ஒருவர். சொந்தம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, எங்கள் பக்கம் கொடுக்கல் வாங்கல் நாலைந்து வருஷம் சண்டையில்லாமல் ஓடினாலே மாமா, மாப்பிள்ளை ஆகிவிடுவார்கள். காலை ஆறரை மணி. எண்ணெய் காய்ந்துவிட்டது, மாமாவைத்தான் காணோம்.

மாப்பிள்ளை: மாமா! எண்ணெய் புகைகிறது. இன்னும் ஒரு ஈடுகூடப் போடவில்லையா? எனக்கு லைனுக்கு நேரமாகிறது.

மாமா (உள்ளேயிருந்து): அடுப்பைக் குறைத்துவிட்டு உட்கார். கண்ணாடி முன்னால் நின்று இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியது பாக்கி. நான் ஒல்லியானவன்... நான் ஒல்லியானவன்... நான் சுறுசுறுப்பானவன்...

மாப்பிள்ளை: யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?

மாமா: எனக்கு நானே.

மாப்பிள்ளை: பொய் சொல்வதென்றால் உங்களைத் தெரியாத ஆளிடம் அல்லவா சொல்ல வேண்டும் மாமா?

மாமா: சிரிக்காதே. போன மாசம் கிருஷ்ணகிரியில் ஒரு மண்டபத்தில் வாழ்க்கையை மாற்றுகிற வகுப்பு என்று நடந்தது. ஐந்நூறு ரூபாய் டிக்கெட், மத்தியானச் சாப்பாடு அதிலேயே சேர்த்தி.

மாப்பிள்ளை: என்ன சாப்பாடு?

மாமா: பிரியாணி.

மாப்பிள்ளை: வாழ்க்கையை மாற்றுகிற வகுப்பிலா?

மாமா: மாற்றம் சாயந்தரத்திலிருந்துதான் ஆரம்பம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளை: நன்றாகத்தானே இருந்தீர்கள், திடீரென்று எதற்கு மாற்றம்?

மாமா: எங்கே நன்றாக இருந்தேன்? மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற அந்த அம்மா உன் அத்தைக்கு மாத்திரை கொடுக்க வந்தார். வந்தவர் சும்மா போகாமல் என் கையிலும் பட்டையைச் சுற்றிவிட்டார். பிரஷர் மேலே 150, கீழே 95. விரலில் குத்திப் பார்த்தால் வெறும் வயிற்றில் 118. மெஷின் கோளாறு என்றேன். அதே மெஷினில்தான் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 120, 80 காட்டியது என்கிறார். பாட்டிக்கு எழுபத்தெட்டு வயசு.

மாப்பிள்ளை: 150, 95 என்றால் கூடுதல்தான் மாமா. சர்க்கரை வெறும் வயிற்றில் நூறுக்குள் இருக்க வேண்டும், 126ஐத் தொட்டால் சுகர் என்பார்கள், நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள்.

மாமா: அதையேதான் அவரும் சொன்னார். ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்ட முடியாது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை: போனீர்களா?

மாமா: வகுப்புக்குப் போனேன்.

மாப்பிள்ளை: அது சரி. காசு வாங்காத இடத்துக்கு நம் ஆட்கள் எப்போது போயிருக்கிறார்கள்? அந்த மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம்ம மாவட்டத்தில்தான், சாமனப்பள்ளியில். தமிழ்நாட்டுக்கே இங்கேயிருந்துதான் பிரஷர் பார்க்கப் புறப்பட்டார்கள், உங்கள் கைக்கு மட்டும் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஆமாம், சுவரில் அது என்ன? எவனோ ஜிம் பையனுடைய உடம்புக்கு மேல் உங்கள் தலை இருக்கிறது?

மாமா: இலக்குப் பலகை. நாம் ஆகப்போவதைப் படமாக ஒட்டிவைத்துத் தினமும் பார்த்தால் மனசு அந்தப் பக்கமே போகுமாம். ஆதார் கார்டு போட்டோவைத்தான் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினேன்.

மாப்பிள்ளை: உடம்பு சந்தோஷமாக இருக்கிறது, தலை அழுகிறது. கீழே என்ன பட்டியல், பாக்கிக் கணக்கா? 'காலை நாலரைக்கு எழுவது.' மாமா, நீங்கள் மூன்றரைக்கே எழுந்து மாவு பிசைகிற ஆள். நாலரை என்றால் உங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம்.

மாமா: நாலரைக்கு எழுவேன் என்று ஒருவர் மைக்கில் சொன்னதும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அங்கே போய் நான் மூன்றரைக்கு எழுகிறவன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

மாப்பிள்ளை: படுக்கிறது எத்தனை மணிக்கு?

மாமா: பதினொன்றரை ஆகிவிடும். சீக்கிரம் எழுவது எப்படி என்று வரிசையாக வீடியோ வரும், பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

மாப்பிள்ளை: பெரிய ஆளுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்று டாக்டர்கள் தலையால் தண்ணீர் குடிக்கிறார்கள். நீங்கள் நாலு மணி நேரம் தூங்கிவிட்டு பிரஷருக்கு மெஷினைத் திட்டுகிறீர்கள். சரி, அடுத்தது, 'பத்தாயிரம் அடி நடை.' நேற்று நடந்தீர்களா?

மாமா: கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் போனேன்.

மாப்பிள்ளை: நடந்தேவா!

மாமா: வண்டியில் போய் அங்கே நடந்தேன்.

மாப்பிள்ளை: எங்கேயிருந்து எங்கே?

மாமா: வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து மீன் வறுக்கிற கடை வரைக்கும்.

மாப்பிள்ளை: அப்புறம்?

மாமா: அப்புறம் திரும்பியும் நடந்தேனே. நடுவில் இரண்டு பிளேட்டு. ஏன் முறைக்கிறாய், மீன் இதயத்துக்கு நல்லது.

மாப்பிள்ளை: மீன் நல்லதுதான், அதைக் குளிப்பாட்டிய எண்ணெய்தான் வில்லங்கம். அந்தப் பத்தாயிரத்துக்கும் தலைவிதி என்று ஒன்றும் இல்லை மாமா. 1965ல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணுகிற மெஷினை விற்க அந்த எண்ணைப் பிடித்துப் பிரபலப்படுத்தியது. அதே வருஷம்தான் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது, நம்ம கிருஷ்ணகிரியும் அப்போது தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

மாமா: இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

மாப்பிள்ளை: காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஸ்டீயரிங்கும் கையுமாக இருக்கிறேன், காதில் போன் ஏதாவது பேசிக்கொண்டேதான் இருக்கும். அமெரிக்காவில் வயசான பெண்களை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2019ல் வந்தது. ஒரு நாளைக்கு 2,700 அடி நடக்கிறவர்களைவிட 4,400 அடி நடக்கிறவர்கள் சாவது குறைவாக இருந்தது, 7,500க்கு மேல் நடந்தவர்களுக்குப் பெரிதாகக் கூடுதல் லாபம் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடக்கச் சொல்கிறது. நீங்கள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு பாக்கெட் கவர் வாங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியை எடுக்கிறீர்களே, அதை நடந்து போங்கள். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் சர்க்கரை அவ்வளவு ஏறாது. மீன் கடையும் அந்த வழியில் இல்லை.

மாமா: அப்படி அரைகுறையாகச் செய்தால் புது மனிதனாக முடியாதே. வகுப்பில் 21 நாள் கணக்கு கொடுத்திருக்கிறார்கள். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும், நடுவில் ஒருநாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. நான் ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று, இரண்டு என்று டான்ஸ் கிளாஸ் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை: அந்த 21 எங்கேயிருந்து வந்தது தெரியுமா? 1960 வாக்கில் அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர், மூக்கைச் சரி செய்துகொண்டு போகிறவர்களுக்குப் புது முகம் பழக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார். குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதிவைத்தார். 'குறைந்தது' என்பதை வழியில் யாரோ இறக்கிவிட்டுவிட்டார்கள், 21 மட்டும் கிருஷ்ணகிரி மண்டபம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

மாமா: நான் மூக்கைத் தொடவே இல்லையே!

மாப்பிள்ளை: அதைத்தான் சொல்கிறேன். லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் 96 பேரை வைத்து நிஜமாகவே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது மாதிரி சின்னதாக ஒன்றை, ஏற்கெனவே தினமும் செய்கிற வேலையோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சராசரி 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒருநாள் விட்டதால் யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மறுநாள் தொடர்ந்தார்கள், அவ்வளவுதான்.

மாமா: 254 நாளா! ஒரு மாங்காய் சீசன் முடிந்து அடுத்த சீசனுக்குப் பூ வந்துவிடுமே.

(வாய் இதைச் சொல்லிக்கொண்டிருக்க, கை பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கிறது. முதல் ஈட்டை ஜல்லிக்கரண்டியில் அள்ளி, சட்டி ஓரத்தில் இரண்டு தட்டு தட்டி எண்ணெயை வடித்து, கூடையில் கொட்டும்போதே ஓரத்தில் விழுந்த ஒன்றை எடுத்து, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி ஊதி, வேர்க்கடலை அதிகமாகத் தெரிகிற பக்கமாகப் பார்த்து உடைத்து வாயில் போட்டுக்கொள்கிறார். மென்று முடிக்கும்வரை கண்ணைச் சிமிட்டவில்லை. மீதிப் பாதியும் போனது.)

மாப்பிள்ளை: இப்போது என்ன தின்றீர்கள்?

மாமா: யார் தின்றது? பதம் பார்த்தேன்.

மாப்பிள்ளை: சுவரில் 'நொறுக்குத்தீனி அடியோடு நிறுத்தம்' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறீர்கள்.

மாமா: நொறுக்குத்தீனி என்பது காசு கொடுத்து வாங்கித் தின்பது. இது தொழில்.

மாப்பிள்ளை: ஒரு நாளைக்கு எத்தனை ஈடு போடுகிறீர்கள்?

மாமா: நாற்பது போகும்.

மாப்பிள்ளை: ஈட்டுக்கு ஒன்று பதம் பார்ப்பீர்கள்.

மாமா: சந்தேகம் வந்தால் இரண்டு.

மாப்பிள்ளை: சந்தேகத்தை விடுங்கள். நாற்பது நிப்பட்டு. பாக்கெட்டுக்குப் பத்து, ஆக நாலு பாக்கெட். மாமா, ஓசூர் வரைக்கும் என் லைனில் ஒரு நாளைக்கு நாலு பாக்கெட் தின்கிற கஸ்டமர் ஒருத்தரும் கிடையாது. நம்ம கம்பெனிக்கு நீங்கள்தான் பெரிய பார்ட்டி, அதுவும் காசு தராத பார்ட்டி.

மாமா: ...

மாப்பிள்ளை: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்தான் உப்பு, ஒரு டீஸ்பூன், அதிலேயே குழம்பு, ரசம், ஊறுகாய் எல்லாம் அடக்கம். நீங்கள் சாப்பாட்டில் உட்காருவதற்கு முன்னாலேயே நாலு பாக்கெட் நிப்பட்டு உப்போடு வருகிறீர்கள். அத்தை பாவம், குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்.

மாமா: உப்பு காரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? நாளைக்குச் சரக்கு திரும்பி வந்தால் நீ ஏற்றுக்கொள்வாயா?

மாப்பிள்ளை: மாவு ஒரே தடவை பிசைந்ததுதானே? முதல் ஈட்டில் சரியாக இருக்கிற உப்பு முப்பதாவது ஈட்டில் எங்கே போய்விடும்? வெந்ததா இல்லையா என்பது நிறத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். சத்தத்தை வைத்தே சொல்கிற ஆள் நீங்கள்.

மாமா (ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு): எங்கப்பா காலத்திலிருந்து ஈட்டுக்கு ஒன்று.

மாப்பிள்ளை: அவருக்கு என்ன ஆயிற்று?

மாமா: பிரஷரில் கை கால் இழுத்துக்கொண்டது.

(இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சட்டியைப் பார்க்கிறார்கள். இந்த இடத்தில் யாராவது ஒருவர் நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னது மாப்பிள்ளை என்பதால் இப்படி வந்தது.)

மாப்பிள்ளை: ஆயுசைக் கூட்டுகிற நெல்லிக்கனி கையில் கிடைத்தும் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தார் தகடூர் அதியமான். அந்த மண்ணில் பிறந்தவர் நீங்கள். உங்கள் பதத்தை எனக்குக் கொடுத்துவிடுங்கள், நான் பார்க்கிறேன்.

மாமா: அவர் கொடுத்தது நெல்லிக்கனி. இது பாமாயில்.

மாப்பிள்ளை: பொருள் எதுவானால் என்ன மாமா, மனசுதானே கணக்கு?

மாமா: சரி, கேட்கிறேன், உன் பிரஷர் எவ்வளவு?

மாப்பிள்ளை: எனக்கா? எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்.

மாமா: பார்த்திருக்கிறாயா?

மாப்பிள்ளை: லைனுக்கு நேரமாகிறது மாமா, கூடையை இப்படித் தள்ளுங்கள்.

மாமா: சாமனப்பள்ளி தெரிகிறது, ஜப்பான் தெரிகிறது, லண்டனில் எவனெவன் எத்தனை நாள் தண்ணீர் குடித்தான் என்பதுவரை தெரிகிறது, சொந்தக் கையில் பட்டை சுற்றியதில்லை! முப்பத்தேழு வயசு, வண்டியை விட்டு இறங்குவது டீக்கும் போண்டாவுக்கும்தான். நாளைக்குக் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்னோடு நீயும் வருகிறாய். வராவிட்டால் சரக்கு கிடையாது.

மாப்பிள்ளை: நாளைக்கு ஓசூர் லைன்...

மாமா: சரக்கு இல்லாமல் ஓசூர் போய் என்ன செய்வாய், வேடிக்கை பார்ப்பாயா?

மாப்பிள்ளை: வருகிறேன், வருகிறேன். மேலே கீழே எவ்வளவு வந்தாலும் என் வீட்டில் மட்டும் சொல்லக்கூடாது.

மாமா: அது பார்க்கலாம். அப்புறம் ஒன்று யோசித்தேன். ராகியில் நிப்பட்டு போட்டால் என்ன? பாக்கெட்டில் பச்சைக் கலரில் இலைப் படம் போட்டு, 'சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்' என்று அச்சடித்து...

மாப்பிள்ளை: அதை மட்டும் அச்சடிக்காதீர்கள், பாவம் பிடிக்கும். ராகியில் கால்சியம் உண்டு, நார்ச்சத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நூறு கிராமில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். அதையும் மாவாக அரைத்து எண்ணெயில் போட்டு எடுத்தால் சுகர்காரனுக்கு அதில் என்ன சலுகை? களியே அளவாகத்தான் சாப்பிட வேண்டும் என்கிறார்கள்.

மாமா: சரி, வெறும் 'ராகி நிப்பட்டு' என்று போடுகிறேன். இலைப் படம்?

மாப்பிள்ளை: இலை இருக்கட்டும். கறிவேப்பிலை போடுகிறோமே, அந்த இலை என்று வைத்துக்கொள்ளலாம். ஓசூரில் கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். விலை?

மாமா: பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் கூடுதல். உனக்கு அதில் ஒரு ரூபாய்.

மாப்பிள்ளை: இரண்டு.

மாமா: ஒன்றரை.

மாப்பிள்ளை: நாளை மறுநாள் ஐம்பது பாக்கெட் போடுங்கள், ஓட்டிப் பார்க்கிறேன். புதுச் சரக்கு, ஈட்டுக்கு ஒன்று நானே இருந்து பதம் பார்த்துவிடுகிறேன்.

மாமா: முதல் ஈட்டில் மட்டும். அதுவும் பாதி.