பழி முழுக்க இறால் மேலேயா?

என் மச்சானுக்கு இறால் என்றால் உயிர். சாப்பிட்டால் நாக்கு நமநமவென்று அரிக்கும், அவ்வளவுதான். ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு அடுத்த கரண்டிக்குத் தட்டை நீட்டுவார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பல்வலி. தெருமுனை மெடிக்கலில் "வலிக்கு ஏதாவது குடுங்க" என்று வாங்கிய டைக்ளோஃபெனாக்கைப் போட்டுக்கொண்டு இறால் தொக்கோடு உட்கார்ந்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கழுத்திலிருந்து வயிறு வரை தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. உதடு வீங்கிக் குரலே மாறிவிட்டது. தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

வீட்டில் ஆளாளுக்கு இறாலைத் திட்டினோம். மருத்துவமனையிலும் என்ன சாப்பிட்டார் என்றுதான் கேட்டார்கள். என்ன மாத்திரை போட்டார் என்று இரண்டு வாரம் கழித்துப் பார்த்த அலர்ஜி மருத்துவர்தான் முதலில் கேட்டார்.

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே குடும்பம். வலியைக் குறைக்கும் அதே வேலையில், குடல் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளையும் குறைத்துவிடும். குடலின் காவல் தளர்ந்தால், செரிக்காத உணவுப் புரதம் கூடுதலாக ரத்தத்துக்குள் நுழையும். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களிடம் ஜப்பானில் செய்த ஆய்வில், ஆஸ்பிரின் கொடுத்தபோது ரத்தத்தில் கோதுமைப் புரதம் ஏறியது தெரிந்தது. ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்களும் இந்த மாத்திரைகளால் இன்னும் சுலபமாக வெடிக்கும். நாக்கு அரிப்போடு நின்றிருக்க வேண்டியது ஊசி வரை போவது இப்படித்தான். சாப்பிட்டதும் ஓடுவது, மது, காய்ச்சல் இவையும் இதே வேலையைச் செய்யும்.

மாத்திரையே தனியாக ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால் மச்சான் முதுகுவலிக்கு இதையே தோசை சாப்பிட்டுவிட்டு எத்தனையோ முறை போட்டவர், ஒன்றும் ஆனதில்லை. இரண்டும் சேர்ந்த அன்றுதான் வினை.

எனக்குக் கோபம் மெடிக்கல் கடை மேல் மட்டுமில்லை. டைக்ளோஃபெனாக் ஷெட்யூல் எச் மருந்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சரி, நாம் மட்டும் என்ன? "ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் சர்க்கரை, பிரஷர் மாத்திரையைச் சொல்வோம். வலி மாத்திரை நம் கணக்கில் மருந்தே இல்லை. மிட்டாய் மாதிரி அது பாட்டுக்குச் சட்டைப் பையில் கிடக்கும். (இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உணவு ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், போதும்.)

மச்சான் இப்போது இறால் பக்கமே போவதில்லை. நேற்று அவர் பைக்கை இரவல் வாங்கினேன். டேங்க் கவருக்குள் அதே மாத்திரை அட்டை, நாலு மீதி இருந்தது.