ஆண்டுக்கு ஆயிரம் டாலர் வாங்கிய ஆளுநர்

அமெரிக்காவின் விடுதலைப் பிரகடனத்தை எழுதிய முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் மீது எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. காரணம், 1814 ஆகஸ்டில் அவர் எழுதிய ஒரு கடிதம்.

அதற்கு முந்தைய மாதம் எட்வர்ட் கோல்ஸ் என்ற 27 வயது இளைஞர் அவருக்கு எழுதியிருந்தார். அதிபர் மேடிசனின் அந்தரங்கச் செயலர் அவர்; ஜெஃபர்சனுக்குச் சொந்த மாவட்டத்துக்காரர். வர்ஜீனியாவில் அடிமை முறையை ஒழிக்க நீங்கள் முன்னால் நில்லுங்கள் என்று கேட்டார். கோல்ஸிடமே அப்பன் சொத்தாக வந்த அடிமைகள் இருந்தார்கள். அங்கேயே விடுவித்தால் ஓராண்டுக்குள் அவர்கள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றது 1806ஆம் ஆண்டுச் சட்டம்.

எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய கை என்ன பதில் எழுதியது? கொள்கையெல்லாம் சரி, எனக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்கள் வேலை என்றது. டிராய் நகரத்துக் கிழட்டு அரசர் பிரியமிடம், அவர் மகன் மாவீரன் ஹெக்டரின் கவசத்தை மாட்டச் சொல்வதா என்று இலக்கிய உவமை வேறு. நீயும் ஊரை விட்டுப் போகாதே என்று புத்திமதியும் உண்டு. கோல்ஸ் சளைக்கவில்லை. உங்களைவிட முதிய வயதிலும் ஃபிராங்க்ளின் பெரிய பொறுப்புகளைச் சுமந்தாரே என்று பதில் போட்டார். படிக்கும்போது கைதட்டத் தோன்றியது.

கடைசியில் தன் அடிமைகளோடு இல்லினாய்க்குக் குடிபெயர்ந்தார். வழியில், 1819 ஏப்ரலில், பிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஓஹையோ ஆற்றில் போய்க்கொண்டிருந்த இரண்டு தட்டைப் படகுகளைச் சேர்த்துக் கட்டச் சொன்னார் கோல்ஸ். எல்லாரையும் கூப்பிட்டு, இந்த நொடி முதல் நீங்கள் விடுதலை பெற்றவர்கள், என்னோடு வரலாம், கரையேறியும் போகலாம் என்றார். முதலில் யாரும் பேசவில்லையாம். பிறகு ஒரு மாதிரியான சிரிப்பு, கண்ணீர். குடும்பத் தலைவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் நிலமும் தருவதாகச் சொன்னார். இவ்வளவும் கோல்ஸே எழுதிவைத்தது. நல்ல சேதியை நடு ஆறு வரை பொத்திவைத்ததில் கொஞ்சம் நாடகம் இருக்கிறது என்பது என் எண்ணம். இருந்துவிட்டுப் போகட்டும்.

இல்லினாய் 1818இல்தான் மாநிலமாகியிருந்தது. பெயருக்கு அடிமை முறை இல்லை; ஒப்பந்தக் கூலி என்ற பெயரிலும் உப்பளங்களிலும் இருந்தது. 1822 தேர்தலில் எதிர்த் தரப்பு வாக்குகள் சிதற, மூன்றில் ஒரு பங்கு வாக்கில் கோல்ஸ் ஆளுநரானார். மிச்சமிருக்கும் அடிமைத்தனத்தையும் ஒழியுங்கள் என்று முதல் உரையிலேயே கேட்டார். சட்டமன்றம் நேர் எதிராகப் போனது. அடிமை முறைக்கு இடம் தர அரசியல் சட்டத்தையே திருத்த மாநாடு வேண்டும் என்றது. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கு குறைந்ததும், ஹான்சன் என்ற உறுப்பினரை இருக்கையிலிருந்து இறக்கிவிட்டு, அவரிடம் தோற்ற ஷாவை உட்காரவைத்துத் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அன்று இரவு வெற்றிக் களிப்பில் கொம்பு ஊதி, தகரம் தட்டி, ஆளுநர் வீட்டு வாசலில் ஊளையிட்டார்கள்.

இனி மக்கள் வாக்களிக்க வேண்டும். கோல்ஸின் சம்பளம் ஆண்டுக்கு ஆயிரம் டாலர். நான்கு ஆண்டுச் சம்பளத்தையும் இந்தப் போராட்டத்திலேயே கரைத்தார். விடுவித்தவர்கள் அரசுக்குச் சுமையாக மாட்டார்கள் என்று பிணை எழுதித் தரவில்லை என்று இதற்கிடையே வழக்கு; 2,000 டாலர் தண்டம். மாநில உச்ச நீதிமன்றம் பின்னால் அதை ரத்து செய்தது. 1824 ஆகஸ்ட் 2இல் மாநாடு வேண்டாம் என்றவர்கள் 6,640 பேர், வேண்டும் என்றவர்கள் 4,972 பேர்.

இதற்குப் பரிசாக 1831இல் காங்கிரஸ் தேர்தலில் அவரைத் தோற்கடித்து அனுப்பினார்கள். பிலடெல்பியாவில் போய்க் குடியேறினார். உயிலிலாவது உங்கள் அடிமைகளை விடுவியுங்கள் என்று மேடிசனை வற்புறுத்திப் பார்த்தார். 1836இல் உயிலைப் பிரித்தபோது அது இல்லை.

கோல்ஸின் மகன் ராபர்ட்ஸ், அப்பா விட்டு வந்த வர்ஜீனியாவுக்கே போனார். 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் ரோனோக் தீவுச் சண்டையில், அடிமை முறையைக் காக்க எழுந்த தென்மாநிலப் படையில் நின்று இறந்தார். அப்பாவுக்கு அப்போது வயது 75.