கம்பெனிக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

கிருஷ்ணகிரியில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா, சிட்டா, வருமானச் சான்று என்று நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். நிலம் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். "தம்பி, முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுக் குடு." போச்சம்பள்ளியிலிருந்து வரும் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் வில்லங்கம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். சர்வே எண்ணைப் போட்டால் யார் யாருக்கு விற்றார், எந்த பேங்கில் அடமானம் என்று தமிழிலேயே வந்துவிடுகிறது. திரையில் பார்ப்பதற்குக் காசும் இல்லை.

அதே ஜனங்கள் பத்து டன் மாங்காயை ஒரு கம்பெனிக்கு வெறும் எடைச்சீட்டை நம்பி ஏற்றி விடுகிறார்கள்.

என் சித்தப்பா இரண்டு சீசனுக்கு முன்னால் அப்படித்தான் 11 டன் பெங்களூரா மாங்காயை ஒரு மாங்கூழ் ஆலைக்குப் போட்டார். பணம் பதினைந்து நாளில் என்றார்கள். ஆடி முடிந்தபோது கேட்டில் பூட்டு தொங்கியது. எடைச்சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். "போர்டுல பிரைவேட் லிமிடெட்னு போட்டிருந்துச்சுடா. பெரிய கம்பெனின்னு நம்பிட்டேன். இதுக்கெல்லாம் வில்லங்கம் மாதிரி எதுவும் கிடையாதா?"

இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கே அது தெரிந்தது. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் லாக்-இன் செய்து, கேப்ச்சா எழுத்துகளை மூன்று முறை தப்பாக அடித்து, கடைசியில் ஒரு பக்கம் திறந்தது. செலுத்தப்பட்ட மூலதனம் 1,00,000 ரூபாய். கடைசியாகக் கணக்குத் தாக்கல் செய்த வருடத்தைப் பார்த்தால், மூன்று வருடமாக ஒன்றுமில்லை. கீழே, ஒரு பேங்கின் பெயரில் பல கோடிக்கு அடமானப் பதிவு. அப்புறம் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் இயக்குநர்களுக்கு அரசு கொடுக்கும் அடையாள எண்ணை வைத்துத் தேடிக் கொடுத்தார். அதே இரண்டு பேர், அதே முகவரி, எட்டு மாதத்துக்கு முன்னால் வேறு பெயரில் புதுக் கம்பெனி.

எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, சித்தப்பா எடைச்சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். "இது முன்னாடியே இதுல இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. லாரியில் முதல் கூடையை ஏற்றுவதற்கு முன்பே இருந்தது. அதுதான் என்னால் இன்னும் தாங்க முடியாத விஷயம்.

'லிமிடெட்' என்றால் பெரிய கம்பெனி என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. அதன் பொருளே வேறு. கம்பெனி கடன்பட்டு மூழ்கினால், பங்குதாரர் தான் போட்ட பங்குப் பணத்தோடு தப்பித்துக்கொள்ளலாம். பொதுவாக அவர் வீட்டையோ தோட்டத்தையோ யாரும் தொட முடியாது. மண்டி வைத்திருக்கும் தனி ஆளுக்கு இந்தச் சலுகை கிடையாது. 2015-க்கு முன்பு பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது 1 லட்சம் ரூபாய் மூலதனமாவது வேண்டும் என்றிருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். தொழில் தொடங்குவது சுலபமாகட்டும், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் சட்டம் இவ்வளவு பெரிய பாதுகாப்பைக் கொடுக்கும்போது, பதிலுக்குக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: உன் கணக்கையும் கடனையும் ஊர் பார்க்கும்படி வை. அதனால்தான் 2013 கம்பெனிச் சட்டத்தின் 399-வது பிரிவு, கம்பெனிகளைப் பதிவு செய்யும் பதிவாளரிடம் உள்ள ஆவணங்களை யாரும் பார்க்கலாம் என்கிறது.

யாரும் என்றால் என் சித்தப்பாவும்தானே? ஆவணங்களைத் திறக்க ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்ட வேண்டும். நூறு ரூபாய் பெரிதில்லை என்பார்கள். சரி, ஐந்து ஆலையை ஒப்பிட்டுப் பார்க்க ஐந்நூறு. கட்டினாலும் கிடைப்பது பக்கம் பக்கமாக ஆங்கிலப் பிடிஎஃப். ஆடிட்டருக்குப் புரியும், விவசாயிக்குப் புரியாது. மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் கம்பெனிகளின் பெயர், முகவரி, மூலதனப் பட்டியலை மாநில வாரியாக வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் இயக்குநர் யார், அடமானம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இல்லை. நமக்கு வேண்டியதே அதுதான்.

இங்கிலாந்தில் 2015 ஜூனிலிருந்து கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள டிஜிட்டல் ஆவணங்கள் முழுக்க இலவசம். ஒரு இயக்குநரின் பெயரைத் தொட்டால் அவர் இதற்கு முன் இருந்து மூடிய கம்பெனிகள் வரை வரிசையாக வருகின்றன. நம்மிடம் 2017-ல் மட்டும் கணக்குக் காட்டாத 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். இவ்வளவு பெரிய களையெடுப்பு நடக்கும் நாட்டில் அந்த வசதி இன்னும் அவசியம்.

இயக்குநர்களின் வீட்டு முகவரி, போன் நம்பர் வெளியே வரக்கூடாது என்பதை முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன். வியாபாரத்துக்கு வேண்டியது அதுவல்ல.

எனக்கு வேண்டியது வில்லங்கச் சான்று மாதிரி ஒரே ஒரு தாள், தமிழில். கம்பெனி பெயர், எப்போது தொடங்கியது, மூலதனம், கடைசியாகக் கணக்குக் கொடுத்த தேதி, எந்த பேங்கில் எவ்வளவு அடமானம், இயக்குநர்கள் வேறு எந்தக் கம்பெனிகளில் இருக்கிறார்கள், இருந்தார்கள். மாவட்ட வாரியாகத் தேடும் வசதியோடு. விவரமெல்லாம் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது, கம்பெனிகளே கட்டாயமாகக் கொடுத்தவை. புதிதாக யாரும் எதையும் சேகரிக்க வேண்டியதில்லை.

அதுவரை, கம்பெனியின் பில்லில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த 21 இலக்கப் பதிவு எண் ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். முதலில் 'எல்' (L) என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிட்டது, 'யு' (U) என்றால் இல்லை. நடுவில் 'டிஇசட்' (TZ) என்றால் கோவைப் பதிவாளர். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அவர் எல்லைக்குள்தான் வருகின்றன. அடுத்த நான்கு எண் பதிவான வருடம். ஓசூர் சிப்காட்டில் பதிவு அலுவலகம் உள்ள டைட்டனின் எண்ணில் அந்த இடத்தில் 1984 என்று இருக்கும். "இருபது வருசமா நடத்துறோம்" என்று சொல்கிறவரின் எண்ணில் 2023 என்று இருந்தால், லாரியை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்.

சித்தப்பாவுக்குப் பணம் இன்னும் வரவில்லை. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் இந்த சீசனில் ஆலைக்குக் காய் போடப் போகிறவர்கள், பேச்சு முடிப்பதற்கு முன்னால் போர்டை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன். இதற்குக் காசு வாங்க மாட்டேன்.